காயலான் கடைக்காரரும் வாங்காத படகு!

2015-ம் ஆண்டு டிசம்பர் மாதம். தாம்பரத்தை அடுத்த முடிச்சூர். அடையாறு கரை புரண்டு வந்து தெருக்களை மூடிவிட்டது. கீழ் வீடுகளில் தண்ணீர். மாடிகளில் குழந்தை குட்டிகளோடு ஜனங்கள். பஸ் வராது. கார் வராது. ஆட்டோவும் வராது.

படகு வந்தது!

அந்த டிசம்பரில் கடற்கரைக் குப்பங்களில் இருந்து மீனவர்கள் தங்கள் படகுகளை லாரிகளில் ஏற்றிக்கொண்டு சென்னைக்குள் வந்தார்கள். வெள்ளம் சூழ்ந்த தெருக்களில் இறக்கினார்கள். கிழவிகளையும் கைக்குழந்தைகளையும் மாடிகளில் இருந்து வாங்கி ஏற்றிக்கொண்டார்கள். 2023-ம் ஆண்டு டிசம்பரில் 'மிக்ஜாம்' புயல் வந்தபோதும் தென் சென்னைத் தெருக்களில் படகுகள் ஓடின.

கடலில் ஓடும் படகு எப்படி லாரியில் ஏறியது? பத்துப் பேர் சேர்ந்து தூக்கினால் நகர்ந்து கொடுக்கும் எடைதான் அதற்கு. பெரிய மரப் படகாக இருந்தால் இடுப்பு ஒடிந்திருக்கும்.

மீனவர்கள் அதைப் 'பைபர் போட்' என்கிறார்கள். அது எதனால் ஆனது தெரியுமா? கண்ணாடியால்!

கண்ணாடியை நம்பிக் கடலுக்கா?

கண்ணாடித் தம்ளர் கை தவறினால் சுக்கு நூறு. அந்தக் கண்ணாடியை நம்பி ஒரு மனிதன் அலையில் இறங்குகிறான் என்றால் அதற்குக் காரணம் இருக்கவேண்டும்.

தொழிற்சாலையில் கண்ணாடியைப் பெரிய உலையில் உருக்குகிறார்கள். 1,200 டிகிரிக்கு மேல் சூடு. குழம்பு போல ஆன கண்ணாடி, உலோகத் தட்டில் உள்ள பொடித் துளைகள் வழியாக இறங்குகிறது. இடியாப்ப அச்சில் மாவு இறங்குவதைப் போலத்தான். ஆனால் இடியாப்பத்தின் தடிமன் எங்கே, இது எங்கே! இறங்கும் இழையை வேகமாக இழுத்துச் சுற்றுகிறார்கள். தலைமுடியின் தடிமனில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான் இருக்கும்.

தம்ளர் உடைவதற்குக் காரணம் அதன் மேல் உள்ள கண்ணுக்குத் தெரியாத கீறல்கள். அடி விழுந்ததும் ஒரு கீறல் விரிந்து ஓடுகிறது. கண்ணாடி பிளந்துவிடுகிறது. மெல்லிய நூலில் அப்படிப் பெரிய கீறலுக்கு இடம் ஏது? அதனால் நூல் வளைகிறது. இழுத்தால் தாங்குகிறது. அதே எடையுள்ள சாதாரண இரும்புக் கம்பியைவிட அதிகமாகவே தாங்குகிறது.

நூல் மட்டும் இருந்தால் படகாகாது. அதைப் பிடித்து நிறுத்த ஒரு பிசின் வேண்டும். பட்டறைக்காரர்கள் அதை 'ரெசின்' என்பார்கள். தேன் போல இருக்கும். படகின் அச்சில் பிசினைத் தடவி, அதன்மேல் கண்ணாடி நூல் பாயை விரிக்கிறார்கள். உருளையால் அழுத்திக் காற்றுக் குமிழ்களை வெளியேற்றுகிறார்கள். மறுபடியும் பிசின். மறுபடியும் பாய். இப்படிப் பாய்மேல் பாயாக அடுக்குகிறார்கள். சில மணி நேரத்தில் எல்லாம் சேர்ந்து ஒரே பலகையாக இறுகிவிடுகிறது.

கிராமத்தில் மண் சுவர் வைப்பவர்கள் களிமண்ணோடு வைக்கோலைப் போட்டு மிதிப்பார்கள். மண் மட்டும் என்றால் காய்ந்ததும் வெடிக்கும். வைக்கோல் மட்டும் என்றால் நிற்காது. இரண்டும் சேர்ந்தால் சுவர். பைபரில் வைக்கோலின் வேலையைக் கண்ணாடி நூல் செய்கிறது. மண்ணின் வேலையைப் பிசின் செய்கிறது.

இட்லி மாவாகுமா?

பிளாஸ்டிக்கில் இரண்டு குணம் உண்டு. ஒன்று மெழுகின் குணம். சூடு காட்டினால் உருகும், ஆறினால் இறுகும், மறுபடி சூடு காட்டினால் மறுபடி உருகும். பிளாஸ்டிக் குடம், வாளி, மாடியில் நிற்கும் கறுப்புத் தண்ணீர்த் தொட்டி எல்லாம் இந்த ரகம்.

இன்னொன்று இட்லியின் குணம். மாவு வெந்து இட்லி ஆகிவிட்டால் எத்தனை தரம் அடுப்பில் வைத்தாலும் மறுபடி மாவாகாது. கருகும், அவ்வளவுதான். பைபர் படகில் உள்ள பிசின் இந்த ரகம். இறுகியது இறுகியதுதான்.

இந்த ரகத்துக்கு முன்னோடி 'பேக்லைட்'. பெல்ஜியத்தில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய லியோ பேக்லண்ட் என்ற ரசாயன நிபுணர் 1907-ம் ஆண்டில் அதைக் கண்டுபிடித்தார். தாத்தா காலத்து வீடுகளில் கறுப்பாக, உருண்டையாக இருந்த மின்சார சுவிட்சு நினைவிருக்கிறதா? அதுதான். இரண்டாம் உலகப் போரில் விமானத்து ராடாருக்கு மூடி செய்யக் கண்ணாடி நூலும் பிசினும் சேர்ந்த பலகை பயன்பட்டது. ராடார் அலை அதன் வழியாகப் போய்விடும். இரும்பு என்றால் தடுத்துவிடும். 1953-ம் ஆண்டில் அமெரிக்காவில் 'கார்வெட்' என்ற மோட்டார் காரின் உடம்பையே இதனால் செய்தார்கள்.

துருப்பிடிக்காது. செல் அரிக்காது. உளுத்துப் போகாது. மின்சாரம் பாயாது. எடை இரும்பில் நாலில் ஒரு பங்குக்குப் பக்கத்தில்தான். இவ்வளவு நல்ல பண்டம் அழியாமல் இருப்பது லாபம் என்று தோன்றும். உயிரோடு இருக்கும்வரை லாபம்தான். உயிர் போன பிறகுதான் வினை!

தாம்பரம் ஸ்டேஷனில் தலைக்கு மேலே

படகை விட்டுத் தாம்பரம் ரெயில் நிலையத்துக்கு வந்தாலும் அங்கேயும் இந்தச் சரக்கு இருக்கிறது. சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே 1931-ம் ஆண்டில் மின்சார ரெயில் ஓடத் தொடங்கியது. மேலே போகும் மின்சாரக் கம்பியைத் தாங்க அந்தக் காலத்தில் பீங்கான்தான். இப்போது ரெயில்வே பல இடங்களில் வேறு ரகத்தையும் போடுகிறது. வெளியே ரப்பர் சக்கரங்கள் அடுக்கியது போல இருக்கும். உள்ளே இருப்பது கண்ணாடி நூலும் பிசினும் சேர்ந்த தண்டு. 25 ஆயிரம் வோல்ட் மின்சாரம் கம்பியில் ஓடும்; தண்டு அதைக் கம்பத்துக்கு விடாது. கல்லெறிந்தால் பீங்கானைப் போலச் சிதறுவதும் இல்லை.

பக்கத்தில் தாம்பரம் சானடோரியம். அங்கே 1984-ம் ஆண்டில் ஏற்றுமதி மண்டலம் தொடங்கினார்கள். எலெக்ட்ரானிக் சாமான்களும் அங்கிருந்து ஏற்றுமதியாகின்றன. எலெக்ட்ரானிக் சாமான் எதைத் திறந்தாலும் உள்ளே ஒரு பச்சைப் பலகை இருக்கும். கண்ணாடி நூல் துணியை 'எபாக்சி' என்ற பிசினில் தோய்த்து, சூட்டில் அழுத்தி, மேலே செம்புத் தகடு ஒட்டிச் செய்தது அது. செல்போனிலும் அது உண்டு, டெலிவிஷனிலும் உண்டு. கடலில் ஓடும் படகும் சட்டைப் பையில் இருக்கும் போனும் ஒன்றுவிட்ட அண்ணன் தம்பி என்று சொன்னால் நம்பவா முடிகிறது!

குளியல் அறைக் கதவு, மோட்டார் சைக்கிள் ஹெல்மெட் சில, ரெயில் பெட்டியின் கழிவறை, கன்னியாகுமரிப் பக்கம் முப்பந்தலில் சுழலும் காற்றாலையின் இறக்கை, கோவளம் கடலில் இளைஞர்கள் ஏறிச் சறுக்கும் பலகையின் மேல்தோல் என்று பட்டியல் நீளும். ஒரு எச்சரிக்கை: குளியல் அறைக்கு விற்கும் பி.வி.சி. கதவு வேறு, பைபர் கதவு வேறு. பி.வி.சி. மெழுகு ரகம். கேட்டு வாங்கவேண்டும்.

சுனாமிக்குப் பிறகு

கடற்கரையில் பைபர் ஒரே நாளில் வந்துவிடவில்லை. சென்னையைத் தலைமையிடமாக வைத்து 1979-ம் ஆண்டில் ஐக்கிய நாடுகளின் உணவு, விவசாய நிறுவனம் வங்கக் கடல் மீனவர்களுக்காக ஒரு திட்டம் தொடங்கியது. கரையில் இழுத்து ஏற்றக்கூடிய பைபர் படகுகளை அந்தத் திட்டத்தார் 1980-களில் செய்து பார்த்தார்கள். கொஞ்சம் கொஞ்சமாகப் பைபர் பரவியது. ஆனால் கரை முழுவதும் கட்டுமரங்களும் இருந்தன.

2004-ம் ஆண்டு டிசம்பர் 26-ந் தேதி சுனாமி வந்தது. கரையில் கிடந்த கட்டுமரங்களும் படகுகளும் உடைந்து போயின. உதவி குவிந்தது. அரசாங்கம் கொடுத்தது, தொண்டு நிறுவனங்கள் கொடுத்தன. கொடுத்ததில் பெரும் பங்கு பைபர். கேட்ட வேகத்துக்குப் புதிய பட்டறைகள் முளைத்தன. அவசரத்தில் செய்த சில படகுகள் தரமாக இல்லை என்ற புகாரும் அப்போதே எழுந்தது. பாய் ஒன்று குறைந்தாலும், காற்றுக் குமிழ் உள்ளே தங்கினாலும், மேலே பூசிய பெயிண்டைப் பார்த்து யார் கண்டுபிடிக்க முடியும்?

கட்டுமரத்துக்கு ஒரு பெருமை உண்டு. அது முழுகாது. மரமே மிதக்கும் பொருள். பைபர் அப்படி அல்ல. பைபர் துண்டு ஒன்றைத் தண்ணீரில் போட்டால் முழுகிவிடும். படகின் குழிந்த வடிவம்தான் அதை மிதக்க வைக்கிறது. அதனால்தான் நல்ல பட்டறையில் படகின் முனையிலும் பக்கங்களிலும் அறை அடைத்து, உள்ளே நுரைக்கட்டி திணிப்பார்கள். கவிழ்ந்தாலும் பிடித்துக்கொண்டு மிதக்கலாம். இந்த நுரையில் காசு மிச்சம் பிடிக்கும் பட்டறையில் படகு வாங்காமல் இருப்பதே மேல்.

என்றாலும் மீனவர் பைபருக்கு மாறியதைக் குறை சொல்வதில் நியாயம் இல்லை. மோட்டார் பொருத்தலாம், தூரம் போகலாம், உட்கார்ந்து வேலை செய்யலாம். கட்டுமரத்தில் இடுப்பளவு ஈரத்தில் மண்டியிட்டுத் துடுப்புப் போட்டவர்களுக்குத்தான் அந்த வித்தியாசம் தெரியும். மரத்துக்குத் திரும்புங்கள் என்று கரையில் நிற்பவர் உபதேசம் செய்வது எளிது.

பேரீச்சம்பழம் கிடைக்காது!

கட்டுமரம் கிழடு தட்டினால் என்ன செய்வார்கள்? கட்டை அவிழ்த்து, காயவைத்து, அடுப்புக்கு விறகாக்குவார்கள். சாம்பலும் வீணில்லை.

பழைய இரும்பைக் கொடுத்தால் பேரீச்சம்பழம் கொடுத்த காலம் ஒன்று இருந்தது. இப்போதும் காயலான் கடையில் இரும்புக்கு விலை உண்டு. பிளாஸ்டிக் வாளிக்கும் உண்டு. காரணம், உருக்கலாம். செல்போன் பலகையில் செம்பும் கொஞ்சம் தங்கமும் இருப்பதால் அதையும் எடுத்துக்கொள்வார்கள்.

பைபர் படகை யார் வாங்குவார்? மோட்டாரைக் கழற்றிக்கொள்ளலாம். இரும்புக் கொக்கியைக் கழற்றிக்கொள்ளலாம். மிச்சம்? உருகாது. உளுக்காது. மண்ணோடு மண்ணாகாது. கடைக்காரர் கையெடுத்துக் கும்பிட்டுவிடுவார்!

மணலில் இழுத்து இழுத்துப் படகின் அடி தேய்கிறது. மேல்பூச்சு போனதும் தண்ணீர் உள்ளே இறங்கி நூலையும் பிசினையும் பிரிக்கிறது. ஒட்டுப் போட்டு ஓட்டலாம். ஒட்டின்மேல் ஒட்டு எத்தனை நாளுக்கு? சுனாமிக்கு அடுத்த ஆண்டு செய்த படகுக்கு இன்று வயது 20-க்குக் குறையாது. ஒருநாள் அது கரையில் நின்றுவிடுகிறது. வெயில் மேல்பிசினைச் சுண்ணாம்புப் பொடியாக்குகிறது. நூல் வெளியே தலைநீட்டுகிறது. அதன்மேல் ஏறிக் குழந்தைகள் விளையாடுகிறார்கள். சாயங்காலம் உடம்பெல்லாம் அரிப்பு. வேர்க்குரு என்று தாய் பவுடர் போடுகிறாள். தோலில் குத்தியிருப்பது கண்ணாடி!

சிலர் தீ வைத்துவிடுவார்கள். இது எல்லாவற்றிலும் மோசம். பிசின் கரும்புகையாக எரியும். கண்ணாடி நூல் எரியாமல் தூளாகக் காற்றில் பறக்கும். எலெக்ட்ரானிக் பலகையில் தீப்பிடிக்காமல் இருக்க புரோமின் மருந்து கலந்திருப்பார்கள். செம்புக்கு ஆசைப்பட்டு அதை எரித்தால் வருவது விஷப் புகை. 2022-ம் ஆண்டு ஏப்ரலில் பெருங்குடி குப்பை மேடு தீப்பற்றிப் பல நாள் புகைந்தது. குப்பைப் புகை எப்படி இருக்கும் என்று அந்த வட்டாரத்துக் குடும்பங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

படகைச் செய்கிற கைகளுக்கும் ஆபத்து உண்டு. பிசினின் நெடி தலைவலி தரும். அந்த ஆவி சீக்கிரம் தீப்பற்றும். பீடி கூடாது. பிசின் இறுக இரண்டு மருந்து சேர்க்கிறார்கள். ஒன்று கோபால்ட், இன்னொன்று கேட்டலிஸ்ட். ஒன்றைப் பிசினில் நன்றாகக் கலக்கிய பிறகுதான் மற்றதை ஊற்றவேண்டும். இரண்டையும் நேராக ஒன்றோடு ஒன்று கலந்தால் வெடித்துவிடும்! கேட்டலிஸ்ட் ஒரு சொட்டு கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டே இருக்கவேண்டும், பிறகு ஆஸ்பத்திரி. கண்ணாடி, கையுறை, முகமூடி மூன்றுக்கும் ஆகும் செலவு ஒரு படகின் விலையில் எத்தனை பங்கு? முதலாளிகள் கணக்குப் பார்க்கவேண்டிய இடம் இது அல்ல.

அரியலூருக்கு ஒரு லாரி

வழி இல்லாமல் இல்லை. கண்ணாடி நூலில் இருப்பது மணல் சத்து, சுண்ணாம்புச் சத்து, அலுமினா. சிமெண்டு செய்யவும் இதே சரக்குதான் வேண்டும்! சிமெண்டு உலையில் 1,450 டிகிரி சூடு. அங்கே பைபரை நறுக்கிப் போட்டால் பிசின் எரிந்து சூடு கொடுக்கும். கண்ணாடி சிமெண்டோடு சேர்ந்துவிடும். மிச்சம் என்று ஒன்றும் நிற்காது. ஒரேயடியாகக் கொட்டக்கூடாது, நூலில் உள்ள போரான் மிஞ்சினால் சிமெண்டு இறுகத் தாமதமாகும். அளவாகப் போட்டால் தொல்லை இல்லை. ஜெர்மனியில் ஒரு சிமெண்டு ஆலை பழைய காற்றாலை இறக்கைகளை இப்படிப் போட்டுக் காட்டியிருக்கிறது.

இந்தியாவிலும் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2016-ம் ஆண்டிலேயே இறுகிய பிளாஸ்டிக் கழிவுக்கும் பைபர் கழிவுக்கும் வழிகாட்டிக் குறிப்பு வெளியிட்டது. அதிலும் சிமெண்டு உலைதான் சொல்லப்பட்டிருக்கிறது. தமிழ்நாட்டில் அரியலூரைச் சுற்றிச் சிமெண்டு ஆலைகளுக்குப் பஞ்சம் இல்லை.

அப்படியானால் குறை எங்கே? படகு கோவளத்தில் கிடக்கிறது. உலை அரியலூரில் எரிகிறது. நடுவே யார் அறுப்பது? யார் ஏற்றுவது? லாரிக்கு யார் கொடுப்பது? மீனவர் தன் காசில் லாரி பிடித்துச் செத்த படகை அனுப்பி வைப்பார் என்று எதிர்பார்ப்பது நடக்கிற காரியமா? அவருக்கு அதனால் ஒரு காசு வரவில்லை.

செல்போனுக்கு இந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. 2022-ம் ஆண்டில் வந்து 2023 ஏப்ரல் முதல் தேதி நடைமுறைக்கு வந்த மின்னணுக் கழிவு விதிகள், செய்து விற்றவர்களையே பொறுப்பாக்கின. படகுக்கும் அப்படிச் செய்தால் என்ன? ஜப்பானில் 2005-ம் ஆண்டில் படகுத் தொழிலார் சங்கமே பழைய பைபர் படகுகளைச் சேகரித்து அழிக்கும் ஏற்பாட்டைத் தொடங்கியது. பிரான்சில் 2019 முதல் உல்லாசப் படகு செய்து விற்பவர்கள், அதைப் பிற்பாடு உடைப்பதற்கும் சேர்த்துப் பணம் கட்டுகிறார்கள்.

இங்கே சுலபமான வழி ஒன்று கண்ணெதிரே இருக்கிறது. பாத்திரக் கடையில் பழைய பித்தளையைப் போட்டுவிட்டுப் புதிய குடம் வாங்குவது போல, புதிய படகுக்கு அரசாங்கம் மானியம் கொடுக்கும் அன்றைக்கே பழைய படகை எடுத்துக்கொள்ளலாம். பிசின் விற்கும் கம்பெனிகளிடம் டின்னுக்கு ஒரு சிறு தொகை வாங்கினால் லாரி வாடகைக்கு ஆகும். படகின் விலையில் அது தூசு. மீனவர் தலையில் மட்டும் சுமத்தக்கூடாது. கண்ட இடத்தில் வெட்டவும் கூடாது. தண்ணீர் தெளித்து, முகமூடி போட்டு, ஒரே இடத்தில் அறுக்கவேண்டும். உலர்ந்து அறுத்தால் தூள் குப்பம் முழுவதும் பறக்கும்.

லாரி கிடைக்காது என்று மட்டும் யாரும் சொல்லமுடியாது. 2015 டிசம்பரில் அந்த மழையிலும் லாரி கிடைத்தது. அதே மாதிரிப் படகுகளை முதுகில் சுமந்துகொண்டு ஊருக்குள் வந்தன. அதே லாரிகள் பழைய படகுகளை ஏற்றிக்கொண்டு இன்னும் கொஞ்ச தூரம், அரியலூர் வரைக்கும் போகவேண்டும்.